ஐந்து நிமிடம் முந்திய ஊர்

பேச்சிமுத்து ஓடிய எட்டு வருஷமும் அவன் களைத்ததில்லை, அவனுக்காக உட்கார்ந்திருந்த நாங்கள்தான் களைத்தோம். இதை வெளியூர்க்காரர்களிடம் சொன்னால் ஒருமாதிரியாகப் பார்ப்பார்கள். எங்கள் முத்தூரணி மில் காலனியில் அது குழாயில் தண்ணீர் வருவதைப்போல, வரும் நேரத்தில் வந்து, பிடிப்பவர்கள் பிடித்துக்கொண்டு, மற்றவர்கள் தங்கள் வேலையைப் பார்த்த ஒரு விஷயம்.

அவன் மில்லில் சைடர். நூற்கும் மெஷின்களின் வரிசைக்கு நடுவே மேலும் கீழும் நடந்து, அறுந்த நூலை ஒட்டிவிடுகிற வேலை. எட்டு மணி நேர ஷிப்டில் பத்து மைலாவது நடக்க வேண்டியிருக்கும், அந்த நடைதான் அவனுக்குள் ஓட்டமாக மாறியது என்று சொல்வார்கள். ஆயிரத்து ஐந்நூறு மீட்டர், அதாவது மைதானத்தை மூன்றே முக்கால் சுற்று, அதுதான் அவன் ஓட்டம். மாவட்டப் போட்டியில் அவன் முதன்முதலாக அதை ஓடிய அன்று, பகல் பதினோரு மணிவாக்கில், டீக்கடை பெஞ்சில் இருந்த நாலு பேரும், தையல் மெஷினில் இருந்த அருணாசலமும், கண்ணாடி அறைக்குள் நாற்காலியில் இருந்த மில் மேனேஜரும், மூட்டையோடு மலையேறியவர்களைப்போல நாலு நிமிடம் மூச்சிரைத்து வேர்த்து அடங்கினார்கள். டீ ஆற்றிக்கொண்டு நின்ற மாஸ்டருக்கு ஒன்றுமில்லை. கட்டிலில் படுத்திருந்த நோயாளிகளுக்கும் ஒன்றுமில்லை. பஞ்சுத் தூசி என்றார் டாக்டர். மூன்றாவது தடவை நடந்தபோது, பேச்சிமுத்து ஓடிய நாளையும் நேரத்தையும் ஒட்டிவைத்துப் பார்த்து, அவன் களைப்பு எங்களிடம் வருகிறது, உட்கார்ந்திருப்பவர்களிடம் மட்டும் வருகிறது என்று ஊர் கண்டுகொண்டது. ஏன் வருகிறது என்று யாரும் கேட்கவில்லை. யார் யார் வாங்கிக்கொள்வது என்றுதான் கேட்டார்கள்.

மில் ஊர் என்பதால் அதை ஷிப்டாகப் பிரிப்பது எங்களுக்குச் சுலபமாக இருந்தது. வெயிலுகந்தான் மேஸ்திரி ஒரு பட்டியல் எழுதி கேட்டில் ஒட்டினார். அந்தக் காலத்தில் போட்டி எந்த நேரத்தில் நடக்கும் என்று எங்களுக்குத் தெரியாது, நாள்தான் தெரியும், ஆகவே காலையிலிருந்து மாலைவரை ஆள் மாற்றி ஆள் வேப்பமரத்தடியில் வந்து உட்கார்ந்துவிட்டுப் போனார்கள். கர்ப்பிணிகளுக்கும் ஆஸ்துமாக்காரர்களுக்கும் விலக்கு. எழுபது தாண்டியவர்களுக்கு விலக்கு கொடுத்தபோது அவர்கள் சண்டைக்கு வந்தார்கள், ஆகவே அதை அடித்துவிட்டு எண்பது என்று எழுதினார்கள். ஊர்த் தண்ணீர் குடித்து ஐந்து வருஷமான மேனேஜருக்கு வந்த களைப்பு, பஸ்ஸில் கடந்து போகிறவர்களுக்கு வரவில்லை. சதா நாற்காலியில் இருப்பவர் என்பதால் எல்லோரையும்விட அவர்தான் அதிகம் வாங்கினார், இரண்டு வருஷத்தில் தொப்பை கரைந்து பழைய பேண்ட்டுகளை அருணாசலத்திடம் பிடிக்கக் கொடுத்தார். இருபது வருஷமாகத் தையல் மெஷினை விட்டு எழுந்திராத அருணாசலத்துக்குத் தொடை இரண்டும் உருட்டுக்கட்டையாக இறுகின.

"வே, போன வாரம் மூணாம் சுத்து எனக்குத்தான் வந்துச்சு, முழங்கால் இன்னும் விண்ணு விண்ணுங்கு" என்று டீக்கடையில் ஒருவர் சொன்னால், "உமக்கு வந்தது களைப்பு இல்ல, நேத்துத் தின்ன புரோட்டா" என்பார் இன்னொருவர்.

பள்ளிக்கூடத்து டிரில் வாத்தியார் ஒருநாள் மேஸ்திரியிடம், "இது முறைதானா? மத்த ஊர்க்காரன் அவன் களைப்பை அவனேதானே சுமக்கான்?" என்று கேட்டார்.

"ஓடுறது அவன் காலு, வலிக்கிறதும் அவன் காலுக்குத்தான். நாம மூச்சுதான் வாங்குதோம்" என்றார் மேஸ்திரி. "அவங்க ஊர்ல யாரும் உக்காரலைன்னா அதுக்கு நாம என்ன செய்ய?"

பேச்சிமுத்துவுக்கு இது தெரியும். ஓடும்போது கட்டிலின் மறுமுனையை யாரோ பிடித்துத் தூக்குவதைப்போல இருக்கும் என்றான். பிடித்த கை யாருடையது என்றுகூட அவனால் சொல்ல முடிந்தது, மூச்சு கலந்து வருமாம். இன்றைக்கு மேஸ்திரி இருந்தார், வெற்றிலை வாசம் வந்தது என்பான், விசாரித்தால் சரியாக இருக்கும்.

என் மனைவி உலகம்மாளைப் பற்றி இப்போது சொல்ல வேண்டும். அவளுக்குச் சிறுவயதுக் காய்ச்சலில் இருதயத்து வால்வு கெட்டுப்போயிருந்தது. படுத்தால் மூச்சு முட்டும் என்பதால் பதினைந்து வருஷமாக மர நாற்காலியில் உட்கார்ந்தபடிதான் தூங்கினாள். குழாயடிக்கும் எங்கள் லைன் வீட்டுக்கும் நூறு அடி இருக்கும். ஒரு செம்பு தண்ணீரோடு வருகையில் பத்து அடிக்கு ஒருதரம் நின்று, மூச்சை வாங்கி, மறுபடி பத்து அடி வைப்பாள், நான் கொண்டுவருகிறேன் என்றால் கேட்கமாட்டாள். பயிற்சி முடிந்து ஓடிவரும் பேச்சிமுத்து அந்தச் சந்தில் அவளைக் கண்டால் ஓட்டத்தை நிறுத்தி, நாலு அடி பின்னால் நடந்து வருவான். அவள் நின்றால் அவனும் நின்று ஷூ கயிற்றைக் கட்டுவான். "முந்திப் போயேம்லே" என்பாள் அவள். "அவசரம் ஒண்ணும் இல்ல அத்தை" என்பான். மாநிலத்தில் யாரும் பிடிக்க முடியாதவன், எங்கள் சந்தில் ஒருநாளும் அவளை முந்தியதில்லை.

விலக்குப் பட்டியலில் அவள் பெயர்தான் முதலில் இருந்தது. அதில் அவளுக்குக் கோபம். "நாள் முழுக்க உக்காந்தே கெடக்கேன், எனக்கு ஒரு கால் சுத்து குடுத்தா என்ன?" என்று மேஸ்திரியிடமே கேட்டாள். வேப்பமரத்தடியில் முந்நூறு பேர் பகிர்ந்துகொள்ளும்போது நாற்காலியில் இருந்த அவளுக்கும் ஒரு சிட்டிகை வந்திருக்கிறது, அதை என்னிடம் சொல்லாமல் வைத்துக்கொண்டாள்.

அப்படியிருக்கையில்தான் கடல் தாண்டிய ஒரு நாட்டில் நடந்த சர்வதேசப் போட்டிக்கு அவன் தேர்வானான், இறுதி ஓட்டத்துக்கும் வந்தான், பன்னிரண்டு நாட்டுக்காரர்களில் ஒருவனாக நிற்கப்போவதற்கு முதல்நாள் எங்கள் தபால் ஆபீஸ் டெலிபோனுக்கு அவனே கூப்பிட்டான். மேஸ்திரியும் நானும் ரிசீவரில் ஆளுக்கொரு பக்கம் காதை வைத்தோம்.

"நம்ம நேரம் நாளைக்குச் சாயங்காலம் சரியா அஞ்சு நாப்பது" என்றான். "மாமா இருக்காங்களா? மாமா, இது பெரிய ஓட்டம், களைப்பும் பெருசா வரும். அத்தையை மட்டும் உக்கார விட்டுராதீங்க. போன தடவ அவங்க மூச்சும் லேசாக் கலந்து வந்துச்சு, எனக்குப் பயமா இருக்கு."

முதன்முதலாகப் போட்டியின் சரியான நேரம் எங்கள் கையில் கிடைத்தது. அதுதான் எங்களைக் கெடுத்தது.

மில் சங்கு ஊதுகிற வேலை என்னுடையது. பாய்லர் ரூம் பக்கத்தில் ஒரு பெரிய கடிகாரம், அதன் கீழே ஒரு பிடி, இழுத்தால் சங்கு மூன்று மைல் கேட்கும். அப்போதைக்கு இருபத்தாறு வருஷமாக இழுத்துவந்தேன். ஊர் அந்தச் சங்குக்கு எழுந்து, அந்தச் சங்குக்கு உலை வைத்து, அந்தச் சங்குக்குப் பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பியது. ஆகவே மேஸ்திரி திட்டம் போட்டார்: ஐந்து நாற்பதுக்கு முதல் சங்கு, மெஷின்களை நிறுத்திவிட்டு எல்லோரும் மில் மைதானத்தில் உட்கார வேண்டும், முடியாதவர்கள் எழுந்து நிற்க வேண்டும். ஐந்து நாற்பத்தைந்துக்கு இரண்டாம் சங்கு, அதற்குள் ஓட்டம் முடிந்திருக்கும், உட்கார்ந்தவர்கள் எழுந்துகொள்ளலாம், நின்றவர்கள் உட்கார்ந்துகொள்ளலாம். மேனேஜர் பத்து நிமிடம் மெஷினை நிறுத்தச் சம்மதித்து, தானும் ஒரு நாற்காலியோடு வருவதாகச் சொன்னார். நான் அன்று ராத்திரியே உலகம்மாளை ஜன்னலருகே நிறுத்தி, கம்பியைப் பிடிக்கவைத்துப் பழக்கி, "முதல் சங்குக்கு முன்னாடியே நின்னுரு. ரெண்டாவது சங்கு கேட்ட பிறகுதான் உக்காரணும்" என்றேன்.

"சங்கு ஊதுறவரு பொண்டாட்டிகிட்டயே சங்கைப் பத்தியா?" என்றாள்.

நான் மறந்திருந்தது ஒன்றே ஒன்று. எனக்கு முன்னால் சங்கு ஊதியவர் வேலையை ஒப்படைத்த அன்று, கடிகாரம் ஐந்து நிமிடம் முன்னால் ஓடும்படி வைத்திருக்கிறது, ஆட்கள் தாமதமாக வரக்கூடாது என்று பழைய முதலாளி சொன்ன ஏற்பாடு, அதைத் தொடாதே என்று ஒருதரம் சொன்னார். நான் தொடவில்லை. பிறகு நினைக்கவும் இல்லை. வீட்டுக் கடிகாரங்களை எல்லோரும் சங்குக்குத்தான் திருத்தினார்கள். பஸ் எப்போதும் ஐந்து நிமிடம் தாமதமாக வருவதாக நம்பினோம், ரேடியோவில்கூட மாநிலச் செய்தியைப் பிந்தி வாசிக்கிறார்கள் என்று குறைசொன்னோம். உலகமெல்லாம் பிந்துகிறது என்று நினைத்த ஊர் எங்களுடையது.

மறுநாள் நான் முதல் சங்கை இழுத்தேன். அறுநூறு பேர் மைதானத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்தார்கள். மெஷின்கள் நின்றதும், பிறந்ததிலிருந்து அந்த இரைச்சலுக்குள் வளர்ந்த குழந்தைகள் காதைப் பொத்திக்கொண்டு அழுதன. ஒரு நிமிடம் ஆயிற்று, இரண்டு ஆயிற்று, யாருக்கும் மூச்சு வாங்கவில்லை. மூன்றாவது நிமிடத்தில் மேனேஜர் தன் நாடியைத் தானே பிடித்துப் பார்த்தார். நாலாவது நிமிடத்தில், ஓட்டம் தள்ளிப்போயிருக்கும் என்றது ஒரு குரல், அவன் களைப்பு நம்மை விட்டே போய்விட்டது என்றது ஒரு குரல், அதைக் கேட்டு இரண்டு பெண்கள் கண்ணைத் துடைத்தார்கள். கடிகாரத்தில் ஐந்து நாற்பத்தைந்து. சொன்னால் சொன்னபடி இரண்டாவது சங்கை இழுத்தேன். அறுநூறு பேரும் மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தார்கள். விலக்குப் பெற்றவர்களும் என்ன ஆயிற்று என்று கேட்க வாசலுக்கு வந்து நின்றார்கள். ஊரே நின்றது.

அப்போது கேட்டின் முன்னால் பஸ் வந்தது. கண்டக்டர் ஜேசுராஜ் எங்கள் ஊர் மாப்பிள்ளை, படியிலிருந்தே கத்தினான்: "என்ன, எல்லாரும் எந்திரிச்சிட்டீங்க? இப்பத்தான அஞ்சு நாப்பது! நானும் ஒரு கால் சுத்து உக்காரணும்னு டிரைவரை விரட்டிக்கிட்டு வாரேன்!"

"மாப்பிள்ளை, உங்க பஸ்ஸு என்னைக்கு நேரத்துக்கு வந்திருக்கு?" என்றார் மேஸ்திரி. "எங்க சங்கு தப்பாது."

"ரேடியோவுல வச்ச வாட்ச் மாமா இது!"

"அந்த ரேடியோவே லேட்டுதான்!"

அறுநூறு பேரும் நின்றபடி, எது சரியான நேரம் என்று வாதாடத் தொடங்கினார்கள். உட்கார்ந்து வாதாடியிருந்தால்கூடப் போதும். பாய்லர் ரூம் வாசலில் நின்ற எனக்கு, இருபத்தாறு வருஷத்துக்கு முந்தைய அந்த ஒரு வாக்கியம், சொன்னவரின் குரலோடு அப்படியே காதில் விழுந்தது. ஊரில் இப்போது உட்கார்ந்திருப்பது யார் என்று எண்ணிப்பார்த்தேன். ஒரே ஒருத்தி.

நான் ஓடினேன். சங்கு அண்ணாச்சி ஓடி அதுவரை யாரும் பார்த்ததில்லை. மைதானத்தைக் கடந்து, கேட்டைக் கடந்து, குழாயடியைக் கடந்து, அவள் பத்துத் தடவை நிற்கும் அந்தச் சந்தில் நிற்காமல் ஓடி வீட்டுக்குள் போனேன்.

உலகம்மாள் நாற்காலியில் இருந்தாள். உதடு நீலம். சேலை, மழையில் நனைந்ததைப்போல உடம்போடு ஒட்டியிருந்தது. இரண்டு கையும் நாற்காலியின் கைப்பிடியை இறுக்கிப் பிடித்திருந்தன. மூச்சு வந்தது, நின்றது, மறுபடி வந்தது.

"எந்திரி! உலகம்மா, எந்திரிச்சு நில்லு!"

அவள் தலையை மட்டும் ஆட்டினாள். "நான் எந்திரிச்சா... எல்லாம் அவன் தலையில போய் விழும்" என்றாள், ஒவ்வொரு சொல்லுக்கும் இடையில் நின்று நின்று. "பாதி தூரம் வந்துட்டான்... மெதுவாத்தான் வாரான்... என்னன்னு தெரியல, மெதுவா வாரான்."

தூக்கி நிறுத்த இரண்டு கையையும் நீட்டினேன். அவள் என்னைப் பார்த்த பார்வையில் கை இறங்கிவிட்டது. வேறு வழி தெரியாமல் அவள் காலடியில் தரையில் உட்கார்ந்தேன்.

அவ்வளவு கனமான ஒன்றை அதற்கு முன்னும் பின்னும் நான் சுமந்ததில்லை. விலாவுக்குள் நெருப்பு ஓடியது, கண் இருண்டது, தொண்டையில் இரும்பின் ருசி. அதில் பாதிதான் எனக்கு வந்தது, மீதிப் பாதி இன்னும் அவளிடம் இருந்தது. அதுவரை முழுவதையும் அவள் தனியாக வைத்திருந்தாள். சிரமப்பட்டுத் தலையைத் திருப்பி ஜன்னல் வழியே பார்த்தேன். என் பின்னால் ஓடிவந்த ஊர் சந்து முனையில் நின்றது. மேஸ்திரி என்னைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், நடுத்தெருவில் அப்படியே உட்கார்ந்தார். அவருக்குப் பின்னால் பெண்கள் கவிழ்த்த குடத்தின்மேல் உட்கார்ந்தார்கள், மேனேஜர் வெள்ளைப் பேண்ட்டோடு வாய்க்கால் கரையில் உட்கார்ந்தார், ஜேசுராஜ் பஸ் படியில் உட்கார்ந்தான், டிரைவர் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார், சந்திலிருந்து குழாயடிவரை, குழாயடியிலிருந்து கேட்வரை, ஓர் ஊர் முழுதும் நின்ற இடத்தில் உட்கார்ந்து மூச்சிரைத்தது. என் நெஞ்சிலிருந்து கல்லை எடுத்ததைப்போல இருந்தது. உலகம்மாளின் உதட்டில் நிறம் திரும்பியது.

"இப்ப ஓடுதான்" என்றாள். "இப்பத்தான் ஓடுதான்."

இரண்டு நாள் கழித்து வந்த பத்திரிகையில் நாலாவது இடம் என்று போட்டிருந்தது. நடு இரண்டு சுற்றுகளில் காரணமே இல்லாமல் கடைசி ஆளாகப் பின்தங்கினார், அதுவே பெரிய பிழை, இறுதிச் சுற்றில் எட்டுப் பேரைத் தாண்டியும் மயிரிழையில் பதக்கத்தைத் தவறவிட்டார் என்று எழுதியிருந்தார்கள். மேஸ்திரி அந்தப் பத்திரிகையை யாருக்கும் கொடுக்காமல் மடித்து இடுப்பில் செருகிக்கொண்டார். எங்கள் தப்பால் அவன் பதக்கம் போயிற்று என்று ஊர் தலைகுனிந்து இருந்தது. நான் மூன்று நாள் யார் முகத்திலும் விழிக்கவில்லை.

அவன் பஸ்ஸிலிருந்து இறங்கியபோது மாலையோடு நின்றவர்கள் அவன் முகத்தைப் பார்க்காமல் அதை நீட்டினார்கள். மாலையை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டு, "அத்தை எப்படி இருக்காங்க?" என்றுதான் முதலில் கேட்டான். நேரே எங்கள் வீட்டுக்கு வந்து அவள் நாற்காலியின் முன்னால் தரையில் உட்கார்ந்தான்.

"அத்தை, முதல்ல இருந்து நீங்க மட்டும்தான இருந்தீங்க?"

"எப்படிலே தெரிஞ்சுது?"

"பத்து அடிக்கு ஒருதரம் நின்னு நின்னு வந்துச்சு மூச்சு. குழாயடியில இருந்து வருவீங்கல்ல, அதே மாதிரி. ஓடாம நின்னுரலாம்னுகூடப் பாத்தேன். நின்னா நீங்க வருத்தப்படுவீங்க."

"கூறு கெட்டவனே, அப்ப மெதுவா ஓடுனது அதுக்குத்தானா? என்னைப் பாக்காம முந்திப் போயிருக்க வேண்டியதுதான?"

அவன் சிரித்தான். "உங்கள நான் என்னைக்கு அத்தை முந்திருக்கேன்?"

உலகம்மாள் அவன் தலையில் நறுக்கென்று ஒரு குட்டு வைத்தாள், அந்தக் கையை அங்கேயே வைத்திருந்தாள். வாசலில் நின்ற மேஸ்திரி, இடுப்பிலிருந்த பத்திரிகையை எடுத்துச் சுக்குநூறாகக் கிழித்து வாய்க்காலில் போட்டார்.

கடிகாரத்தை நான் சரியாகத் திருப்பி வைத்தேன். ஒரு வாரம் ஊர் முழுவதும், திடீரென்று கிடைத்த ஐந்து நிமிடத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வாசல்களில் நின்றது. பஸ் சரியான நேரத்துக்கு வரத் தொடங்கியது. பேச்சிமுத்து இன்னும் மூன்று வருஷம் ஓடினான், சின்னதும் பெரியதுமாகப் பதக்கங்கள் வந்தன, பிறகு ஓட்டத்தை நிறுத்திவிட்டு வடக்கே ஒரு ரயில்வே ஆபீஸில் வேலைக்குப் போனான். போகும்போது, "நாற்காலி வேலை மாமா. நாள் பூரா உக்காந்தே இருக்கணுமாம்" என்று ஒரு விதமாகச் சொல்லிவிட்டுப் போனான். எனக்கு அப்போது விளங்கவில்லை.

அவன் வேலையில் சேர்ந்த வாரம் உலகம்மாள் குழாயடியிலிருந்து குடத்தோடு நிற்காமல் வந்தாள். வீட்டு வாசலில் நின்று திரும்பி, வந்த வழியையே பார்த்தாள். அடுத்த வாரம் பாய் விரித்து மல்லாந்து படுத்துத் தூங்கினாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஏறி இறங்கும் அவள் வயிற்றையே வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் நெஞ்சில் குழாயை வைத்துக் கேட்டுவிட்டு, வால்வு முன்னைப்போலத்தான் கெட்டிருக்கிறது, இவள் எப்படி நடக்கிறாள் என்று என்னைக் கேட்டார். லீவில் வந்த பேச்சிமுத்துவின் மனைவி, "ஆபீஸில பைல் பாத்துக்கிட்டு இருக்கும்போதே திடீர்னு மூச்சு வாங்குதாம் இவங்களுக்கு, டாக்டர்கிட்ட வாங்கன்னா சிரிக்காங்க" என்று குறைபட்டாள். உலகம்மாளும் நானும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டோம். பதினோரு வருஷம். பதினோரு வருஷம் அவள் சந்தைக்குப் போனாள், கோயில் படி ஏறினாள், என்னோடு சண்டை போட்டுவிட்டு வேகமாக நடந்து தங்கை வீட்டுக்குப் போனாள். அவள் கண்ணை மூடிய அன்று காலையில்கூடக் குழாயடிக்குப் போய்வந்திருந்தாள்.

அவன் வந்து, காரியம் முடியும்வரை என்னோடு இருந்தான். புறப்படும்போது, "நீங்க நடங்க மாமா, நான் உக்காந்துக்கிடுதேன்" என்றான்.

எனக்கு இப்போது எழுபத்தெட்டு வயது. மில் மூடி வெகுகாலம் ஆயிற்று, சங்கும் இல்லை. பள்ளிக்கூடம் அதிகம் போகாதவன், இதை எழுத மூன்று நாள் ஆயிற்று, நடுவில் பல தடவை எழுந்து குழாயடிவரை நடந்துபோய் அவள் வைத்த முருங்கையைப் பார்த்துவிட்டு வந்தேன். ஒரு தடவையும் மூச்சு வாங்கவில்லை, எழுதிய கையும் வலிக்கவில்லை. அவனும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றுவிட்டான், இனி நாற்காலியில் இருக்க வேண்டிய கட்டாயம் அவனுக்கு இல்லை, இருந்தும் எனக்காக எங்கோ உட்கார்ந்திருக்கிறான். ஆகவே இத்தோடு நிறுத்திக்கொள்கிறேன். அவன் கொஞ்ச நேரம் எழுந்து நடக்கட்டும்.